ஆறு மாதத்தில் குவைத்: அரபியை எங்கிருந்து தொடங்குவது?

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு நர்ஸ் கேட்டிருக்கிறார். பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர். ஆறு மாதத்தில் குவைத்தில் ஒரு மருத்துவமனையில் சேர வேண்டும். அரபியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. தமிழ் எழுத்தில் அச்சிட்ட அரபிப் பேச்சுப் புத்தகம் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். அது போதுமா, எழுத்தும் கற்க வேண்டுமா, இலக்கணம் எவ்வளவு தேவை, முஸ்லிம் அல்லாத தனக்கு யார் சொல்லித் தருவார்கள் என்பவை அவருடைய கேள்விகள்.

அம்மா, அரபி உங்கள் ஊருக்குப் புதிய மொழி இல்லை. திருவாரூர் பஸ்ஸில் ஏறினால் வழியிலேயே கூத்தாநல்லூர் வந்துவிடும். அங்கும் பொதக்குடியிலும், இந்தப் பக்கம் அடியக்கமங்கலம், முத்துப்பேட்டை, அந்தப் பக்கம் ராஜகிரி, பண்டாரவாடை, நீடூர் என்று டெல்டா முழுக்க அரபி இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அது ஒரே ஆளிடம் முழுதாகக் கிடைக்காது. காலையில் மக்தபுக்கு, அதாவது குர்ஆன் ஓதக் கற்றுத்தரும் சிறு பள்ளிக்கு, போய் ஓதக் கற்றவர்களிடம் ஒலி சுத்தமாக இருக்கும். பொருள் கேட்டால் விழிப்பார்கள். அரபிக் கல்லூரியில் ஏழெட்டு ஆண்டு ஓதிப் பட்டம் வாங்கிய ஆலிம்களிடம் இலக்கணம் கரைத்துக் குடித்தது போல இருக்கும். ஆனால் குவைத் டாக்சி ஓட்டுநர் சொல்வது அவர்களில் பலருக்குப் பிடிபடாது. இருபது ஆண்டு வளைகுடாவில் உழைத்துத் திரும்பிய சபுராளிகள் பேச்சில் வெளுத்துக்கட்டுவார்கள். கடைப் பலகையைப் படிக்கச் சொன்னால் பலர் கையை விரிப்பார்கள். இந்த மூவரிடமிருந்தும் எதை எந்த வரிசையில் வாங்குவது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒலியும் எழுத்தும் முதலில், இலக்கணத்தின் எலும்புக்கூடு அடுத்து, குவைத் பேச்சு கடைசியில். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அந்தப் புத்தகத்தை முதல் இரண்டு மாதம் திறக்காதீர்கள். குறை புத்தகம் எழுதியவர்மேல் இல்லை. தமிழ் எழுத்துக்கு அரபி ஒலிகளைத் தாங்கும் வசதி கிடையாது. நீங்கள் ஒரு நாளைக்கு நூறு முறை கேட்கப்போகும் ‘அலம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வலி என்று பொருள். அதே ‘அலம்’ தொண்டையை இறுக்கி ‘ஐன்’ எழுத்தில் தொடங்கினால் கொடி. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். ‘ஹால்’ என்றால் நிலைமை. ‘கைஃப ஹாலுக்’ என்றால் எப்படி இருக்கிறீர்கள். அந்த ஹகரத்தைக் கொஞ்சம் காறிச் சொல்லிவிட்டால் அது தாய்மாமனைக் குறிக்கும் வேறு சொல். நோயாளியிடம் போய் அவருடைய மாமன் நலமா என்று விசாரித்ததாகிவிடும். கோபித்துக்கொள்ள மாட்டார்கள், சிரிப்பார்கள். ஆனால் வலி எங்கே என்று கேட்கும் இடத்தில் சிரிப்பு உதவாது.

ஒலி விஷயத்தில் நர்சிங் படித்த உங்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. தொண்டையின் உடற்கூறு உங்களுக்குத் தெரியும். அரபியில் தொண்டை எழுத்துகள் என்று ஆறு. குர்ஆன் ஓதும் முறையைச் சொல்லும் தஜ்வீத் கலையில் இவற்றை மூன்று அடுக்காகப் பிரிப்பார்கள். அடித்தொண்டையில் ஹம்ஸாவும் மெல்லிய ஹாவும்; நடுத்தொண்டையில் ஐனும் அழுத்த ஹாவும்; மேல்தொண்டையில் கைனும் காவும். மெல்லிய ஹா நம்மிடம் இருக்கிறது. அழுத்த ஹாவுக்கு, மூக்குக் கண்ணாடியைத் துடைக்க வாயால் ஆவி விடுவோமே, அந்த மூச்சு. கா என்பது சளியைக் காறும்போது வரும் உரசல். அதே இடத்தில் குரலையும் சேர்த்தால் கைன். ஐன்தான் வம்பு பிடித்தது: நாக்கின் அடிப்பகுதி தொண்டைச் சுவரை நோக்கிப் பின்னால் போக, குரல் நெரிந்து வெளியே வர வேண்டும். டாக்டர் நாக்கை அழுத்தி ‘ஆ’ சொல்லச் சொல்லும்போது நோயாளி தவிக்கும் கணத்தில் அதற்கு மிக அருகே வரும் ஒலி ஒன்று கேட்கும்; கவனித்துப் பாருங்கள்.

ஒலி பிறக்கும் இடத்தை இப்படி ஆராய்வது நமக்கும் பழைய வழக்கம்தான். தொல்காப்பியத்தின் பிறப்பியல் உந்தியில் எழும் காற்றிலிருந்து தொடங்கி தலை, மிடறு, நெஞ்சு என்று இடங்களை எண்ணுகிறது. எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் தொகுத்த அகராதியும் அகரவரிசையைப் பின்பற்றாமல் தொண்டையிலிருந்து உதடு நோக்கிப் போகிறது. தொண்டையில் பிறக்கும் ஐனில் தொடங்குவதால் அதற்குப் பெயரே ‘கிதாபுல் ஐன்’.

நாக்கைப் பருக்கவைத்துச் சொல்லும் ஸாத், ளாத், தா, ளா என்ற நான்கும் உண்டு. இவற்றில் ளாத் ஒலியைத் தமிழ் முஸ்லிம்கள் ளகரத்தால் எழுதுவார்கள். சிலர் ழகரத்தால் எழுதுவார்கள். ரமளான், ரமழான், ரமலான் என்று ஒரே மாதத்துக்கு மூன்று எழுத்துக்கூட்டு பார்த்திருப்பீர்கள்; எல்லாம் இந்த ஒரே ஒலியைப் பிடிக்க நடந்த முயற்சி. நானும் இந்தப் பதிலில் ளகரத்தையே எழுதுகிறேன். வளைகுடா மக்கள் பேச்சில் ளாதையும் ளாவையும் ஒன்றாகவே ஒலிக்கிறார்கள் என்பதால் இதில் நீங்கள் அதிகம் மெனக்கெட வேண்டாம். தொண்டை ஆறும், க்-ஐவிடப் பின்னால் உள்நாக்கருகே பிறக்கும் காஃபும் தேறினால் போதும்.

இதை எந்தக் காணொளியாலும் முழுதாகக் கற்றுத்தர முடியாது. எதிரே உட்கார்ந்து ‘இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே’ என்று சொல்லும் ஆள் வேண்டும். பக்கத்து ஊரில் நிஸ்வான் மதரஸா, அதாவது பெண்கள் மதரஸா, இருக்கிறதா என்று விசாரியுங்கள். அங்கே கற்பிக்கும் ஆலிமாவிடம் போய், வேலைக்காக மொழி கற்க வேண்டும், எழுத்தும் உச்சரிப்பும் சொல்லித் தர முடியுமா என்று நேராகக் கேளுங்கள். மதரஸாவின் வழக்கமான வகுப்பு உங்களுக்குப் பொருந்தாது. அது மார்க்கக் கல்வி. தனியாக மாலையில் ஒரு மணி நேரம் என்று பேசிக்கொள்ளுங்கள். தயங்க வேண்டாம். லெபனானிலும் எகிப்திலும் தலைமுறை தலைமுறையாக அரபியையே தாய்மொழியாகப் பேசும் கிறிஸ்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். மதம் மாறினால்தான் மொழி வரும் என்றோ, மொழி கற்றால் மதம் மாற வேண்டும் என்றோ யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

எழுத்து மொத்தம் 28. வலமிருந்து இடமாக எழுத வேண்டும். ஒவ்வொரு எழுத்தும் சொல்லின் முதலில், நடுவில், கடைசியில், தனியே நிற்கும்போது என்று உருமாறும் என்பதைக் கேட்டுத்தான் பலர் பயந்து ஓடுகிறார்கள். உருமாற்றம் என்பது பெரும்பாலும் வால் வெட்டுவதுதான். அடுத்த எழுத்தோடு கை கோக்கும்போது வால் போய்விடும், தலை மட்டும் நிற்கும். அலிஃப், தால், தால் மேல் புள்ளி வைத்த தால், ரா, ஸாய், வாவ் ஆகிய ஆறும் அடுத்த எழுத்துக்குக் கை கொடுக்காதவை. இந்த ஆறை மட்டும் முதலில் மனப்பாடம் செய்துவிட்டால் ஒரு சொல் ஏன் நடுவில் உடைந்து நிற்கிறது என்ற குழப்பம் தீரும். அடிப்படை உருவங்களும் 28 இல்லை, சுமார் 18தான். மற்றவை புள்ளியால் வேறுபடும். ஒரே படகு வடிவத்துக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தால் பா, மேலே இரண்டு வைத்தால் தா, மூன்று வைத்தால் ஸா. தமிழில் புள்ளி போட்டால் உயிர் போகும். அரபியில் புள்ளி போட்டால் ஆளே மாறிவிடும்.

குறில் உயிர்களை அரபியில் எழுதுவதில்லை. சொல்லிக்கொடுக்கும் நூல்களில் மட்டும் எழுத்தின் மேலும் கீழும் கோடுகள் இட்டிருப்பார்கள். நம் ஊர் மக்தபுகளில் ஜபர், ஜேர், பேஷ் என்பார்கள். அரபியில் ஃபத்ஹா, கஸ்ரா, ளம்மா. செய்தித்தாளிலும் மருந்துப் பெட்டியிலும் பெயர்ப் பலகையிலும் அவை இருக்காது. எப்படிப் படிப்பது என்று மலைக்க வேண்டாம். தஞ்சை சரசுவதி மகாலில் இருக்கும் ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. ஒகர ஓகார வேறுபாடும் கிடையாது. ஓலையில் எழுத்தாணி கிழித்துவிடும் என்று விட்டுவிட்டார்கள். நம் முன்னோர் இடம் பார்த்துச் சரியாகவே படித்தார்கள். சொல்வளம் கூடக் கூட அரபியும் அப்படித்தான் படிக்க வரும். ஆரம்பத்தில் கோடு போட்ட நூலையே படியுங்கள்; சீக்கிரம் கோட்டை விட்டுவிட வேண்டும் என்ற வீராப்பு வேண்டாம்.

இந்த எழுத்திலேயே தமிழையும் எழுதியிருக்கிறார்கள் என்பது உங்களுக்குச் செய்தியாக இருக்கலாம். அரபுத்தமிழ் என்று பெயர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டிப் புது எழுத்துகள் உண்டாக்கிக்கொண்டார்கள். கடற்கரை ஊர்களில் தமிழெழுத்துத் தெரியாத பாட்டிமார்கள் இந்த எழுத்தில் தமிழ் படித்திருக்கிறார்கள். அந்த உத்தியை நீங்களும் கையாளலாம்: உங்கள் பெயர், ஊர்ப் பெயர், வீட்டார் பெயர்களை அரபி எழுத்தில் எழுதிப் பழகுங்கள். புதுச் சொல் எதுவும் கற்காமலேயே கை திருந்திவிடும்.

எழுத்தோடு எண்களையும் முதல் வாரத்திலேயே கற்றுவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பல அரபு நாடுகளில் புழங்கும் எண் வடிவங்களில் பூஜ்யம் ஒரு சிறு புள்ளி. நம் கண்ணுக்குப் பூஜ்யமாகத் தெரியும் வட்டம் அங்கே 5. நம் 7 போலத் தெரிவது அங்கே 6. ஆங்கில ‘வி’ போல இருப்பது 7, அதைக் கவிழ்த்தால் 8. எழுத்து வலமிருந்து இடம் போனாலும் எண் நம்மைப் போலவே இடமிருந்து வலம் போகும். மருத்துவமனைப் பதிவேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனால் நோயாளியின் வீட்டார் ஒரு தாளில் எழுதி நீட்டும் மருந்து அளவும் தொலைபேசி எண்ணும் இந்த வடிவத்தில் வரலாம். வட்டத்தைப் பூஜ்யம் என்று படித்தால் என்ன ஆகும் என்பதை ஒரு நர்ஸுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாயால் சொல்லும்போதும் ஒன்று இருக்கிறது: 25 என்பதை ‘ஐந்தும் இருபதும்’ என்ற வரிசையில், ‘கம்ஸா வ இஷ்ரீன்’ என்பார்கள். காதில் முதலில் விழுவது ஒன்றாம் இடம்.

எந்த அரபியைக் கற்பது என்ற கேள்விக்கு வருகிறேன். நூல், செய்தி, மேடை ஆகியவற்றுக்குப் பொதுவான இலக்கிய அரபி ஒன்று. அதற்கு ஃபுஸ்ஹா என்று பெயர். வீட்டிலும் கடையிலும் பேசுவது ஆம்மிய்யா. அது நாட்டுக்கு நாடு மாறும். மற்ற மொழிக்காரர்கள் இதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். தமிழருக்கு இது தினப்பாடு. இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்தத் தமிழில் மன்னார்குடி பஸ்ஸில் யாரும் டிக்கெட் கேட்பதில்லை. ‘எங்கே’ என்பதற்கு ஃபுஸ்ஹாவில் ‘அய்ன’, குவைத்தில் ‘வேன்’. ‘இப்போது’ என்பதற்கு நூலில் ‘அல்ஆன’, குவைத்தில் ‘அல்ஹீன்’. ‘என்ன வேண்டும்’ என்று ஆணிடம் கேட்க நூலில் ‘மாதா துரீத்’, குவைத்தில் ‘ஷினு தபி’. பெண்ணிடம் ‘ஷினு தபீன்’. நலம் விசாரிக்க ஆணிடம் ‘ஷ்லோனக்’, பெண்ணிடம் ‘ஷ்லோனிச்’.

பேச்சு மட்டும் போதுமே என்றால், என் பதில்: போதாது. பேச்சுமொழிக்கு ஒழுங்கான பாடநூலும் அகராதியும் குறைவு. புதுச் சொல்லைத் தேடவும் வழியிருக்காது. ஃபுஸ்ஹாவின் அடிப்படை இருந்தால் குவைத்திலிருந்து ரியாத் போனாலும் தோஹா போனாலும் சில வாரத்தில் சமாளித்துவிடலாம். முழுக்க ஃபுஸ்ஹாவே பேசுவேன் என்பதும் சரிப்படாது. புரிந்துகொள்வார்கள், ஆனால் சங்க இலக்கிய நடையில் காபி கேட்ட கதையாகிவிடும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. நம் சபுராளிகள் பலர் கொண்டுவருவது அதுதான். ‘மாஃபீ மாலூம்’ (தெரியாது), ‘அனா ரூஹ்’ (நான் போகிறேன்) என்று வினைக்கு விகுதி இல்லாமல், ஆண் பெண் பாராமல் பேசும் கூலிச்சந்தை அரபி. கட்டட வேலையிலும் கடையிலும் அது உயிர் காக்கும். அதைப் பேசியே குடும்பத்தைக் கரையேற்றியவர்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நோயாளியின் படுக்கை அருகே அது எடுபடாது. அறுபது வயதுப் பாட்டியிடம் விகுதி இல்லாத அரைகுறைப் பேச்சுப் பேசினால், அவர் உங்களிடமும் அப்படியே பேசத் தொடங்குவார். பிறகு சரியான அரபி உங்கள் காதில் விழவே விழாது. சபுராளி வீட்டுப் பெண்களில் அங்கே குடும்பத்தோடு இருந்து திரும்பியவர்கள் உண்டு. நர்ஸாக வேலை பார்த்து விடுமுறையில் வந்திருப்பவர்களும் கிடைப்பார்கள். அவர்களைப் பிடியுங்கள்.

இலக்கணத்தில், தமிழ் வழியாகவே அரபிக்குள் போங்கள் என்பதுதான் நான் பிடிவாதமாகச் சொல்வது. ஆங்கிலம் வழியாகச் செல்லும் செயலிகளும் நூல்களும் தேவையில்லாத பயத்தைக் கிளப்புகின்றன. ‘அவர் ஆசிரியர்’ என்று தமிழில் வினைச்சொல் இல்லாமல் சொல்கிறோம். அரபியிலும் ‘ஹுவ முதர்ரிஸ்’, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் யோசிப்பவர் நடுவில் ஒரு ‘இஸ்’ தேடி அலைவார். எழுதினேன், எழுதினாய், எழுதினான், எழுதினாள் என்று விகுதியிலேயே ஆள் தெரிவது போல கதப்து, கதப்த, கதப, கதபத். ‘நான்’, ‘அவள்’ என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. முன்னிலையிலும் ஆண் பெண் பிரிவு இருப்பது மட்டும் நமக்குப் புதிது: ஆணிடம் கதப்த, பெண்ணிடம் கதப்தி.

இன்னொரு விதி ஆங்கில வழி மாணவர்களைப் பாடாய்ப் படுத்தும். மனிதர் அல்லாதவற்றின் பன்மையை அரபி பெண்பால் ஒருமையாக நடத்தும். ‘புதிய ஆசிரியர்கள்’ என்றால் ‘ஜுதுத்’ என்ற பன்மை. ‘புதிய புத்தகங்கள்’ என்றால் ‘ஜதீதா’ என்ற பெண்பால் ஒருமை. ஒட்டகங்களுக்கும் அதே கதி. அறிவுடையது, அறிவற்றது என்று அரபி இலக்கணிகள் பிரிக்கிறார்கள். உயர்திணை, அஃறிணை என்று பள்ளியில் படித்த நமக்கு இதில் என்ன வியப்பு? ‘மாடுகள் வந்தது’ என்று பேச்சில் ஒருமை விகுதி போட்டே நாமும் சொல்கிறோம்.

உறவுமுறையிலும் நமக்கு வசதி. தந்தையின் சகோதரன் ‘அம்ம்’, தாயின் சகோதரன் ‘கால்’. தந்தையின் சகோதரி ‘அம்மா’, தாயின் சகோதரி ‘காலா’. ஆமாம், அரபியில் ‘அம்மா’ என்றால் அத்தை. தாய்க்கு ‘உம்ம்’, நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் உம்மா என்று கூப்பிடுவது இதிலிருந்துதான். வயதானவர்களைப் பெயர் சொல்லாமல் மூத்த பிள்ளையின் பெயரோடு சேர்த்து ‘உம்மு இன்னார்’, ‘அபூ இன்னார்’ என்று அழைப்பது அங்கே மரியாதை. நீ, நீங்கள் என்ற வேறுபாடு அன்றாடப் பேச்சில் இல்லாததால் இந்த அழைப்புதான் அந்த வேலையைச் செய்கிறது. வார்டில் முதல் நாளே நோயாளியின் மூத்த பிள்ளை பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாதி மருந்து அதிலேயே வேலை செய்யும்.

எதிர்த்திசையில் போகும் இடங்களும் உண்டு. நாம் ‘பெரிய வீடு’ என்போம், அரபி ‘வீடு பெரியது’ என்ற வரிசையில் ‘பைத் கபீர்’ என்னும். ‘பையனின் புத்தகம்’ அங்கே ‘புத்தகம் பையன்’ என்று திரும்பி நிற்கும். நிகழ்கால வினைக்கு முன்னொட்டு வரும்: அக்துபு, தக்துபு, யக்துபு. தமிழ் எல்லாவற்றையும் பின்னால்தான் ஒட்டும் என்பதால் இது பழகச் சற்று நாள் பிடிக்கும். ‘அல்’ என்ற சுட்டு நம்மிடம் இல்லை. அந்த ‘அல்’லின் லகரம் 14 எழுத்துகளுக்கு முன்னால் கரைந்துவிடும், மற்ற 14 எழுத்துகளுக்கு முன்னால் நிற்கும். இந்த விதிக்குப் புத்தகமே வேண்டாம். கடைத்தெருவில் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டு நடங்கள். அப்துல் காதர், அப்துல் கரீம் என்று லகரம் நிற்கும் பெயர்கள். அப்துர் ரஹ்மான், அப்துஸ் ஸலாம் என்று கரையும் பெயர்கள். ஒரு தெருவில் விதி முழுதும் கிடைத்துவிடும்.

அரபியின் உயிர்நாடி வேர்ச்சொல் முறை. பெரும்பாலான சொற்களுக்கு மூன்று மெய்களே வேர். அதை வெவ்வேறு அச்சில் வார்த்துச் சொற்களை எடுப்பார்கள். க-த-ப என்ற வேரில் கிதாப் புத்தகம், காதிப் எழுதுபவர், மக்தூப் எழுதப்பட்டது, மக்தப் எழுதும் இடம், அலுவலகம். இதைப் படித்ததும் மறந்துபோகும். அதனால் நம் தாலுகா அலுவலகத்துக்குள் போவோம். பாரசீகம் ஆட்சிமொழியாக இருந்த காலத்தில் அதன் வழியாக வந்த அரபிச் சொற்கள் வருவாய்த் துறையிலும் கோர்ட்டிலும் நிறைந்து கிடக்கின்றன. குறுவை மகசூல் என்கிறோமே, அது ‘மஹ்ஸூல்’, கிடைக்கப்பெற்றது. லஞ்சத்துக்குச் சொல்லும் மாமூல் ‘மஃமூல்’, வழக்கமாகச் செய்யப்படுவது. மக்தூபின் அதே அச்சு. கோர்ட்டில் ஆஜர் ஆவது ‘ஹாளிர்’, வந்திருப்பவர். ஜாமீன் ‘ளாமின்’, பொறுப்பேற்பவர். இரண்டும் காதிப் அச்சு. தாசில்தாரில் இருக்கும் தாசில் ‘தஹ்ஸீல்’, வசூலிப்பது. மகசூலும் தாசிலும் ஹ-ஸ-ல என்ற ஒரே வேர். விளைந்து வருவதற்கும் அதன்மேல் வரி வாங்குபவருக்கும் அரபியில் ஒரே குடும்பப் பெயர் என்பது டெல்டா விவசாயிக்கு ஆச்சரியம் தராது.

இனி உங்கள் தொழிலுக்கு அதே அச்சுகளைப் போட்டுப் பாருங்கள். ம-ர-ள என்பது நோய்க்கான வேர். மரள் நோய், மரீள் நோயாளி, தஹ்ஸீல் அச்சில் தம்ரீள் என்றால் செவிலியர் பணி, முமர்ரிளா என்றால் நீங்கள். மரீளின் அச்சில்தான் தபீப், அதாவது மருத்துவர். நம் வக்கீலும் அதே அச்சு. ஒரு புதுச் சொல் காதில் விழுந்தால் அதன் மூன்று மெய்யைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பொருளைப் பாதி ஊகித்துவிடலாம். ஹான்ஸ் வேர் (Hans Wehr) என்ற ஜெர்மானியர் தொகுத்த அரபி அகராதியும் வேர்வாரியாகத்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. வேர் பிரிக்கத் தெரியாதவருக்கு அது பூட்டிய பெட்டி.

பாடநூல் என்றால் தயங்காமல் ஒன்றைச் சொல்வேன். வாணியம்பாடியில் பிறந்து மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் அரபி கற்பித்த டாக்டர் வ. அப்துர் ரஹீம், அரபி அல்லாதவர்களுக்காக மூன்று பாகங்களில் எழுதியது. உலகெங்கும் மதீனா அரபி நூல் என்றே பெயர். ‘ஹாதா பைத்’, இது வீடு, என்று சுட்டிக்காட்டுவதில் தொடங்கி விதியைச் சொல்லாமலே விதியைப் பழக்கிவிடும். உங்களுக்கு முதல் பாகம் முழுதும், இரண்டாம் பாகத்தில் கொஞ்சமும் போதும். காதுக்கு, 1979-ல் குவைத்தில் தயாரான ‘இஃப்தஹ் யா ஸிம்ஸிம்’ என்ற குழந்தைகள் தொடர் நல்லது. எளிய ஃபுஸ்ஹா, நிதானமான பேச்சு. செய்தி சேனல் இப்போது வேண்டாம், வேகத்தில் மனம் விட்டுப்போகும்.

ஆறு மாதத்தில் எவ்வளவு வரும்? ஆங்கிலத் தாய்மொழியாளர் அரபியில் தொழில்முறைத் தேர்ச்சி பெற 2,200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று அமெரிக்க அரசின் அயலுறவுப் பணிப் பயிற்சி நிறுவனம் கணக்கு வைத்திருக்கிறது. தினம் ஒரு மணி நேரம் என்றால் உங்களுக்குக் கிடைப்பது 180 சொச்சம். அதில் பலகை படிக்கலாம், பெயர் எழுதலாம், வலி, உணவு, உறக்கம், மருந்து பற்றிக் கேட்டுப் பதில் வாங்கலாம். நாளிதழ் படிக்க முடியாது. அதற்கு ஆசைப்படவும் வேண்டாம்.

முதல் இரண்டு மாதம் ஆலிமாவிடம் எழுத்தும் ஒலியும். அடுத்த இரண்டு மாதம் மதீனா நூல். கூடவே, கையில் இருக்கும் அந்தப் பேச்சுப் புத்தகத்தைத் திறந்து, தமிழ் எழுத்தில் உள்ள சொற்களை அரபி எழுத்துக்கு மாற்றி எழுதுங்கள். எது ஹ, எது க என்று ஐயம் வரும் ஒவ்வொரு இடமும் ஆலிமாவிடம் கேட்க வேண்டிய கேள்வி. இலக்கணத்தில் வேற்றுமை விகுதிகள் (நூலில் ‘இஃராப்’ என்று வரும்) உங்களைத் துரத்தும். அவற்றைப் படித்துவிட்டு நகருங்கள், பேச்சில் யாரும் அவற்றை ஒலிப்பதில்லை.

கடைசி இரண்டு மாதம் குவைத் பேச்சு. அங்கிருந்து வந்த நர்ஸ் ஒருவரிடம் வார்டில் தினமும் கேட்கும் கேள்விகளைச் சொல்லச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். ஆணிடம் கேட்பது ஒன்று, பெண்ணிடம் கேட்பது ஒன்று என்று ஒவ்வொன்றும் இரண்டு வடிவம். ‘வேனுல் அலம்?’ வலி எங்கே. ‘அபி மாய்’ என்று அவர்கள் கேட்டால் தண்ணீர் வேண்டும். கேள்வி கேட்கப் பழகுபவர்கள் பதிலைக் கேட்கப் பழகுவதில்லை, அதனால் நோயாளி சொல்லக்கூடிய பதில்களையும் அந்த நர்ஸையே சொல்லச் சொல்லிப் பதியுங்கள். அங்கே உங்களை எல்லோரும் ‘சிஸ்டர்’ என்றே கூப்பிடுவார்கள், வேகமாகப் பேசுவார்கள். புரியாதபோது தலையை ஆட்டிவிடாதீர்கள். ‘மா ஃபஹம்த்’, புரியவில்லை. ‘ஷ்வய் ஷ்வய்’, மெதுவாக. விமானம் ஏறுமுன் இந்த இரண்டும் யோசிக்காமல் வாயில் வர வேண்டும்.